அப்பாதுரை மாமாவின் சாம்பல் நிறச் சுவர்

“பாப்பா, பாத்ரூம் கதவு எங்க?”

அப்பாதுரை மாமா தன் சொந்த வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார். கதவு அவர் கைக்கு மூன்றடி தூரத்தில்தான் இருந்தது. அதைச் சுவரோடு சுவராகத் தெரியாதபடி மூடச் சொன்னவளே நான்தான். இருந்தும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

என் பெயர் பவ்யா. வயது பத்தொன்பது. கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்வரிசையில் இருக்கிறது மாமாவின் வீடு. தங்கச் சுரங்கக் காலத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு அது. ஒரு கூடம், ஒரு சமையலறை, பிறகு சேர்த்துக் கட்டிய ஒரு குளியலறை. இருபத்தொரு வயதில் சுரங்கத்தில் இறங்கியவர் மாமா. அது மூடப்பட்டபோது அவருக்கு முப்பத்தேழு. அடுத்த பத்தொன்பது வருடம் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய், ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்றுவிட்டு, இருட்டிய பின் திரும்பினார். மனைவி ரத்தினம்மா இறந்த அன்றும் மாமா ரயிலில்தான் இருந்தாராம். ஒரே மகள் அன்புச்செல்வி. அவரைப் படிக்க வைத்ததுதான் தன் வாழ்நாளில் தோண்டி எடுத்த ஒரே தங்கம் என்று சொல்லிவிட்டு, “அதையும் பெங்களூர்க்காரன் எடுத்துகினு போய்ட்டான்” என்று மருமகனைக் கிண்டல் செய்வார்.

போன நவம்பரில் பென்ஷனுக்கான உயிர்ச் சான்று போடுவதற்காக அவர் வீட்டுக்குப் போனேன். இப்போதெல்லாம் போனில் முகத்தைக் காட்டி, கண்ணைச் சிமிட்டினால் போதும். மாமா சிமிட்டினார். போன் ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. அப்போதுதான் கவனித்தேன், அவர் போனைப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு முழம் தள்ளி, வெறும் காற்றைப் பார்த்துச் சிமிட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா, போன் இங்க இருக்குது.”

“தெரியும். உன் போனுக்குத்தான் என்னைத் தெரியல.”

“மாமா... கண்ணு தெரியலையா?”

கையை நீட்டித் தடவி என் போனைக் கீழே இறக்கினார். பிறகு சொன்னார். கண்ணில் அழுத்த நோயாம். வெளியே வெயிலில் ஏதோ கொஞ்சம் தெரியும், வீட்டுக்குள் வந்தால் நிழல்தான். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து மட்டும் போட்டுக்கொள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

“செல்விகிட்ட சொல்லிடாத பாப்பா. தெரிஞ்சா இன்னிக்கே கார் எடுத்துகினு வந்து என்னைத் தூக்கிகினு போய்டுவா. பதினாலாவது மாடி. அதுக்கு இந்த வீடே மேல். இங்க எனக்குக் கண்ணே தேவையில்ல, பாரு.”

எழுந்து வலது கையைச் சுவரில் வைத்தார். சுரங்கத்தில் விளக்கு அணைந்துபோனால் இப்படித்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வெளியே வருவார்களாம். கட்டிலிலிருந்து கிளம்பினார். “இது மாரிக்குப்பம்” என்றார். அவருடைய பெங்களூர் ரயில் கிளம்பும் ஸ்டேஷன். சிமென்ட் பூசி மேடாக இருந்த இடம் வந்தது. “சாம்பியன்.” பிறகு சுவிட்ச் பெட்டி. “ஊரிகம்.” பிறகு காலண்டர் மாட்டும் பெரிய ஆணி. “கோரமண்டல்.” அதற்குப் பிறகு ரத்தினம்மா தன் கையால் அடித்த பச்சை டிஸ்டெம்பர் பூச்சின் சொரசொரப்பான ஓரம். அதன் மேலேயே விரல் ஓடி, குளியலறைத் திரைச்சீலையில் போய் நின்றது. “பங்காருபேட்டை ஜங்ஷன். எல்லாரும் இறங்குங்க.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்தேன்.

அந்தச் சமயத்தில் நான் மனோகர் அண்ணன் கடையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வீட்டு உள்அலங்காரக் கடை. பி.யூ.சி., அதாவது பிளஸ் டூ முடித்துவிட்டு மேலே படிக்காமல், வீட்டிலும் உட்கார முடியாமல் அலைந்துகொண்டிருந்த எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டை அளந்து, போனில் ஒரு செயலியில் போட்டால், பழைய சுவர் மேல் புதுச் சுவர் வந்து உட்காரும். சாம்பல் நிற பிவிசி பேனல், நடுவில் தங்கக் கோடு, தாழ்வான ஃபால்ஸ் சீலிங், அதைச் சுற்றி எல்இடி பட்டி, மூலையில் தங்க நிறப் புத்தர் தலை. எந்த வீட்டுக்குப் போனாலும் இதைத்தான் கேட்பார்கள். நானும் இதைத்தான் காட்டுவேன். அதன் படங்களைப் பார்த்துப் பெங்களூர்க் கடை ஒன்று என்னைக் கூப்பிடும், காலை ரயிலில் நானும் போவேன் என்று நினைத்திருந்தேன்.

செய்த பிறகு அந்த வீட்டுக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மாமாவின் பக்கத்து வீட்டு டெய்சி ஆன்ட்டி, “பேனலுக்குப் பின்னால பல்லி குடும்பம் நடத்துதுடி. ராத்திரியெல்லாம் சத்தம். வாடகை கேக்கலாமான்னு பாக்கறேன்” என்றார். ஒருவர் டிவி வைப்பதற்காக ஜன்னலையே மூடிவிட்டு, பகலில் விளக்கு போட்டு உட்கார்ந்திருந்தார். இன்னொரு வீட்டில் சீலிங் தாழ்ந்துபோய், மின்விசிறிக்குப் பயந்து குழந்தையைத் தோளில் தூக்குவதையே விட்டுவிட்டார்கள். மாமா ஒருநாள் கடைக்கு வந்து, புத்தர் தலையைக் கையால் தடவிப் பார்த்தார். மாமா குடும்பம் புத்த மதத்தைச் சேர்ந்தது.

“உடம்பு எங்க பாப்பா?”

“அவ்ளோதான் மாமா, ஷோபீஸ். தலை மட்டும்தான்.”

“உங்க சாமி தலையை இப்படி மட்டும் வெட்டி டிவி பக்கத்துல வெப்பாங்களா?”

மனோகர் அண்ணன் சிரித்துச் சமாளித்தார். நானும் சிரித்தேன்.

பிப்ரவரியில் செல்வி அக்கா போன் செய்தார். “பவ்யா, அப்பாவுக்கு சர்ப்ரைஸா வீட்டை மாத்தணும். பேத்தமங்களாவுல தேவா சித்தப்பா வீட்டுக்கு ஒரு வாரம் அனுப்பி வெக்கிறேன். அதுக்குள்ள முடிச்சிடு. அந்தச் சுவரைப் பாத்தாலே எனக்கு அழுகையா வருது.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சத்தியம் என்ற ஒன்று என்னைத் தடுத்தது என்று இத்தனை நாளும் எல்லாரையும் நம்ப வைத்திருக்கிறேன். அது பொய். ஏனென்றால் அக்கா நேராகவே கேட்டார்: “நீதான் அடிக்கடி அங்க போற. அப்பாவுக்கு எதுனா கஷ்டமா இருக்குமா?”

சத்தியத்தை மீறாமலே இதற்குப் பதில் சொல்லியிருக்கலாம். ‘அந்தச் சுவரை மட்டும் தொட வேண்டாம் அக்கா, அது மாமாவுக்குப் பழகினது’ என்று ஒரு வரி போதும். ஆனால் அந்த நீளமான சுவர்தான் எனக்கு வேண்டியிருந்தது. அதில் மறைவுக் கதவு வைத்தால் படம் எப்படி வரும் என்று ஏற்கனவே போனில் போட்டுப் பார்த்திருந்தேன். கைப்பிடி இல்லாமல், தள்ளினால் மட்டும் திறக்கும் கதவு. கே.ஜி.எஃப்-இல் அதுவரை யாரும் செய்யாதது.

“ஒண்ணும் இல்லக்கா. சூப்பரா இருக்கும்” என்றேன்.

வேலை ஐந்து நாளில் முடிந்தது. பேனல் அடிக்க வந்த விநாயக், சுவரில் இருந்த மேட்டை உளியால் செதுக்கினார். சுவிட்ச் பெட்டியை எதிர்ச் சுவருக்கு மாற்றினார். “இந்த ஆணி?” என்று கேட்டார். கோரமண்டல். ஒரு நொடி வாய் வரைக்கும் வந்தது.

“புடுங்கிடுங்க” என்றேன். வளைந்துபோய் வெளியே வந்தது. குப்பையோடு போட்டேன்.

மாமா வந்த அன்று மத்தியானம் அக்கம்பக்கத்தார் எல்லாரும் கூடியிருந்தார்கள். மாமா பேருந்தில் வந்து, ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்து வாசலில் இறங்கினார். செல்வி அக்கா பின்னாலிருந்து இரண்டு கையாலும் அவர் கண்களைப் பொத்தினார். “பாக்கக் கூடாதுப்பா, நான் சொல்ற வரைக்கும் பாக்கக் கூடாது.” எல்லாரும் கைதட்டினார்கள். நான் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். கூடத்தின் நடுவில் நிறுத்தி அக்கா கையை எடுத்தார்.

“எப்படிப்பா இருக்குது?”

“நல்லா இருக்குதும்மா” என்றார் மாமா. சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னார். அங்கே நாங்கள் எதையுமே மாற்றவில்லை.

“முதல்ல பாத்ரூம் போய்ட்டு வரேன்” என்று வலது கையைச் சுவரில் வைத்தார். வழவழவென்று ஒரே மாதிரிக் கோடுகள். விரல் ஓடியது. நின்றது. திரும்ப ஓடியது. ஒரு மூலை வந்தது, இன்னொரு மூலை வந்தது. தன் வீட்டை ஒரு சுற்று முழுதாகச் சுற்றி, வாசற்படிக்கே திரும்பி வந்துவிட்டார். கைதட்டல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. இரண்டாவது சுற்றில், நடுவில் நின்று, என் செருப்புச் சத்தத்தை வைத்தோ என்னவோ, சரியாக என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“பாப்பா, பாத்ரூம் கதவு எங்க?”

பதில் சொன்னால், எனக்கு முன்பே தெரியும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் வாய் திறக்கவில்லை. அந்த நிமிடத்திலும் நான் என்னைப் பற்றித்தான் நினைத்தேன். நான் நினைத்து முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. மாமாவின் நனைந்த வேட்டியைப் பார்த்த டெய்சி ஆன்ட்டி, “வெளிய போங்க எல்லாரும், இன்னா சினிமாவா காட்றாங்க?” என்று கத்தி, எல்லாரையும் விரட்டினார். எங்கே தள்ள வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் நான்தான் போய்க் கதவைத் தள்ளினேன்.

வேறு வேட்டி மாற்றிக்கொண்டு மாமா கட்டிலில் உட்கார்ந்த பிறகு, செல்வி அக்கா என்னிடம் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

“உனக்குத் தெரியுமா?”

“நவம்பர்லருந்து.”

“கஷ்டமா இருக்குமான்னு நான் கேட்டேன் இல்ல?”

“அவளை இன்னாத்துக்குக் கேக்கற?” என்று மாமா குறுக்கே வந்தார். “நான்தான் சத்தியம் வாங்கினேன். சின்னப் பொண்ணு, சொன்ன வார்த்தையைக் காப்பாத்தினா. தப்பு என்னுது.”

அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ‘இல்லை மாமா, சத்தியத்துக்காக இல்லை’ என்று நான் சொல்லவில்லை. அவர் எனக்குக் கொடுத்த நல்ல பெயரை அப்படியே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் காரில் கூட்டிப் போனார்கள். முழு உடம்போடு இருக்கும் தன் சின்னச் சிமென்ட் புத்தரை மடியில் வைத்துக்கொண்டார். “பத்தொன்பது வருஷம் நின்னுகினே போன ஊருக்கு இன்னிக்குத்தான் உக்காந்துகினு போறேன்” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று தடவை போன் செய்தேன். “இங்கயும் உன் சுவருதான் பாப்பா, வழவழன்னு. ஒரு ஸ்டேஷன் கிடையாது. அதனால நான் வண்டியையே எடுக்கறதில்ல” என்றார் ஒரு தடவை. நாள் முழுக்க நாற்காலியிலேயே இருக்கிறார் என்று அர்த்தம். மூன்று தடவையும் உண்மையைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். மூன்று தடவையும் மழை பெய்ததா என்பதைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன்.

கடையின் இணையப் பக்கத்தில் மாமா வீட்டுச் சுவரின் படத்துக்குத்தான் இன்றும் அதிக லைக். “அப்பாதுரை வீடு மாதிரி வேணும்” என்று கேட்டு வருகிறார்கள். எடுத்துவிடுங்கள் என்று மனோகர் அண்ணனிடம் கெஞ்சினேன். “நல்லா வந்த படத்தை யாராவது எடுப்பாங்களாம்மா?” என்கிறார். இப்போது நான் போகிற வீடுகளில், சுவரைத் தொட்டு நடப்பவர் யாராவது இருக்கிறாரா என்று கேட்கிறேன். ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

போன மாதம் செல்வி அக்காவிடம் கேட்டுவிட்டு, டெய்சி ஆன்ட்டியிடம் சாவி வாங்கிப் போய், அந்தச் சுவரின் பேனலை நானே கழற்றினேன். உள்ளே அடிக்கு ஒரு திருகுத் துளை. பச்சை ஓரத்தைப் பட்டி மாவு பூசி மறைத்திருந்தார்கள். ஒரு புது ஆணி கொண்டுபோயிருந்தேன். எந்த உயரத்தில் அடிப்பது என்று தெரியவில்லை. அது மாமாவின் கைக்குத்தான் தெரியும். அவர் வந்து இடம் காட்டினால் எல்லாவற்றையும் மறுபடி வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அவரைக் கூப்பிடுவதற்கு முன், நான் ஏன் பேசாமல் இருந்தேன் என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சொல்லாமல் வீட்டை மாற்றப் போகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், வேலை தொடங்குவதற்கு முன் இதை அவர்களிடம் கொடுங்கள். அவர்களையும் இன்னொருவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்படிக் கைமாறிப் போகும்போது, பெங்களூரில் பதினாலாவது மாடியில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் இது போய்ச் சேர்ந்தால், அவரால் படிக்க முடியாது. சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். செல்வி அக்கா போனில் கேட்ட இடத்தையும், நான் சொன்ன பதிலையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.