பூத்த கட்டை

அன்று செக்போஸ்டில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். அத்தை, அப்பாவின் அக்கா. எதிர் வீட்டு அக்கா. காட்டிலாகா கார்டு. ஜீப்பில் சாய்ந்து நின்ற புது ரேஞ்சர். அப்புறம் நான். வேறு யாரும் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு எட்டு வயது. கேரளத்தில், போனக்காட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், லயம் என்கிற வரிசை வீடுகளில் எங்கள் வீடு. ஒரே அறை. அதில் அப்பா, அம்மா, நான், தம்பி, அத்தை. அத்தை புருஷனை இழந்து அம்பாசமுத்திரத்துப் பக்கமிருந்து வந்தவள். அடுப்பு அணைந்த பிறகுதான் அவளுக்குப் பாய் விரிக்க இடம் கிடைக்கும். மூன்று வருடம் தற்காலிகமாகக் கொழுந்து கிள்ளினாள். அந்த மாதம் அவள் பெயர் நிரந்தர ரெஜிஸ்டரில் விழ வேண்டும். பெயர் விழுந்தால் ஒரு கம்பளி. ஓர் அறை. கடைசி லயத்தில் கதவு கழன்ற ஓர் அறையைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விறகுக்குப் போவார்கள். காட்டில் விழுந்து கிடக்கிற மரத்தை எடுக்கலாம். நிற்கிற மரத்தில் கத்தி வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் எல்லாமே நனைந்து கிடக்கும். எது பட்டது, எது பச்சை என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு லயத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. காளான் பூத்த கட்டை ஒன்றைத் தேடி எடுத்துச் சுமையின் மேலே வைப்பார்கள். உயிரோடு நிற்கிற மரத்தில் அது பூக்காது. கார்டு அதைப் பார்ப்பார், கையை அசைப்பார். சுமையைப் பிரிக்கச் சொல்ல மாட்டார்.

குடைக்காளான் இல்லை அது. கிண்ணம் மாதிரி இருக்கும். ரோஸ் நிறம். அடியில் சின்னக் காம்பு. விளிம்பில் பூனைமுடி. உள்ளே மழைத்தண்ணீர் நிற்கும். பிள்ளைகள் நாங்கள் செப்புக் காளான் என்போம். தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே ஊதினால், கொஞ்சம் பொறுத்து மெல்லிசாகப் புகை எழும்பும். உலை கொதிக்கிற மாதிரியே இருக்கும். விளையாட்டுச் சமையலுக்கு அதைவிட என்ன வேண்டும். தின்னக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். விறகில் இருப்பதைத் தொடக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று திரும்பும்போது ஓடைக்கரையில் சுமையை இறக்கினார்கள். எதிர் வீட்டு அக்கா அத்தையை வம்புக்கு இழுத்தாள்.

"புது ரூமுல பால் காய்ச்ச என்னயக் கூப்பிடுவியளா மதினி?"

"பால நீ கொண்டாந்தா கூப்பிடுதேன். எங்கிட்ட அடுப்பு மட்டுந்தான் இருக்கும்."

"அடுப்பா? அதுகூடப் படுத்துக் கெடந்தது போதாதா ஒமக்கு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அத்தை சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். தண்ணீர் குடிக்க ஓடையில் இறங்கினார்கள். அத்தையின் சுமைமேல் கட்டை முழுக்கக் கிண்ணங்கள். இவ்வளவு நெருக்கமாக நான் பார்த்ததில்லை. ஒன்று மட்டும் கிள்ளலாம் என்றுதான் கை வைத்தேன். அவர்கள் வருவதற்குள் எல்லாம் என் பாவாடை மடியில் இருந்தன.

அட்டை கடித்த காலைத் தேய்த்துக்கொண்டே அத்தை கரையேறினாள். மழை வலுத்துவிட்டது. அவசரமாக ஒருவருக்கொருவர் தூக்கிவிட்டார்கள், மேலே யாரும் கவனிக்கவில்லை. தலைமேல் இருப்பதைச் சுமக்கிறவள் பார்க்க முடியாது.

செக்போஸ்டில் ஜீப் நின்றது. கார்டு வழக்கம்போல் நாற்காலியில் இல்லை, எழுந்து நின்றார். எதிர் வீட்டு அக்கா முதலில் இறக்கினாள். ரேஞ்சர் விரலால் காட்டி என்ன என்று கேட்டார்.

"பட்டுபோய மரமாணு சார். கண்டில்லே, கூண் முளச்சிருக்கு," என்றார் கார்டு. அவர் பாஷையில் காளானுக்குக் கூண்.

ரேஞ்சர் தலையாட்டினார். அக்கா தப்பித்தாள்.

அத்தை தானாகவே இறக்கி வைத்தாள். "நம்மளதும் மேலயே இருக்கு சார். நல்லாப் பூத்திருக்கு பாருங்க," என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தாள். கட்டை மொட்டையாக இருந்தது.

அத்தை கட்டையைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொரு பக்கம் திருப்பினாள். கார்டு குனிந்து பட்டையைத் தடவினார். காம்பு இருந்த இடமெல்லாம் வட்ட வட்டமாக வெள்ளைத் தடம். அவர் ஒரு தடவை ரேஞ்சரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மோளே, நீ இதீந்நு வல்லதும் பறிச்சோ?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் விடவில்லை. இந்தத் தடவை தமிழில் கேட்டார். "பயப்படண்டா. பறிச்சா பறிச்சுன்னு சொல்லு. ஒன்னும் செய்யமாட்டேன்."

மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தலையாட்டினேன். அடி விழும் என்ற பயம் இருந்தது. ஆனால் அது மட்டும் இல்லை. காட்டினால் பிடுங்கிக்கொள்வார்கள். அதுதான் பெரிய பயம். இதை இத்தனை வயதில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

"கெட்டு அழிக்கூ," என்றார் ரேஞ்சர். கார்டு கயிற்றை அவிழ்த்தார்.

உள்ளே கை மொத்தத்தில் ஒரு பச்சைக் கட்டை இருந்தது. வெட்டுவாயில் இன்னும் ஈரம். எல்லாச் சுமையிலும் அப்படி ஒன்று இருக்கும். எதிர் வீட்டு அக்கா சுமையிலும் இருந்தது. வேகமாக எரியாது, ராத்திரி முழுக்கக் கனன்று கிடக்கும். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் கார்டுக்கு அது தெரியும் என்பது எனக்குப் பெரியவளான பிறகுதான் உறைத்தது. பார்க்காமல் இருக்க அவருக்கு ஒரு சாக்கு வேண்டும். அது மேலே பூத்திருக்கும். அன்று அதை நான் மடியில் வைத்திருந்தேன்.

என் பாவாடையில் ரோஸ் தண்ணீர் கசிந்து இறங்கியது. அத்தை அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நாந்தான் வெட்டுனேன் சார்," என்றாள்.

விறகையும் வெட்டுக்கத்தியையும் வைத்துக்கொண்டார்கள். எஸ்டேட் ஆபீசுக்கு ஒரு காகிதம் போகும் என்று சொன்னார்கள். திரும்புகிற வழியெல்லாம் எதிர் வீட்டு அக்கா புலம்பிக்கொண்டு வந்தாள். அத்தை என்னிடம் பேசியது ஒன்றுதான். "வழுக்கும். பாத்து வா."

வீட்டில் அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "மூணு வருசம் பொறுத்தவளுக்கு மூணு வாரம் பொறுக்க முடியல." அத்தை என் பெயரை எடுக்கவில்லை. நான் லயத்துக்குப் பின்னால் போய் அடுப்புக் கூட்டிச் சமைத்தேன். ஊதினேன். புகை வந்தது. மறுநாள் காலையில் எல்லாம் சுருங்கி வெங்காயத் தோல் மாதிரி கிடந்தன. காலால் தள்ளிவிட்டேன்.

ரெஜிஸ்டரில் அத்தை பெயர் விழவில்லை. காட்டுக்கேஸ் உள்ளவளை எடுக்க முடியாது என்று கிளார்க் சொல்லிவிட்டார். அந்த மாதக் கடைசியில் தற்காலிக வேலையும் நின்றது. புருஷனின் அண்ணன் வீட்டுக்கே திரும்புவதாக அத்தை சொன்னாள். அந்த வீட்டில் நிற்க முடியாமல்தான் அவள் மலையேறி வந்தாள். யாரும் இரு என்று சொல்லவில்லை. கதவு கழன்ற அறை எதிர் வீட்டு அக்காவின் தங்கச்சிக்குப் போனது.

போகிற அன்று அப்பா வேலைக்குப் போய்விட்டார். டிரங்குப் பெட்டியை அத்தை தூக்கிக்கொண்டாள். துணிப்பை என்னிடம். செக்போஸ்ட் முன்னால்தான் பஸ் திரும்பும். கார்டு எங்களைக் கண்டதும் உள்ளே போய்விட்டார்.

பிடித்துவைத்த விறகை அவர்கள் எரிக்கவில்லை. மழையில் ஓரமாக அப்படியே கிடந்தது. அத்தையின் கட்டையும் கிடந்தது. அதில் மறுபடியும் பூத்திருந்தது. அதே ரோஸ். அதே கிண்ணம். உள்ளே தண்ணீர்.

நான் பார்த்ததை அத்தை பார்த்துவிட்டாள்.

"கிள்ளிக்கோட்டி," என்றாள். "இப்ப யாரும் கேக்க மாட்டாவ."

எனக்கு ஒரே சந்தோஷம். அத்தை பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து என் பாவாடை மடியை விரித்துப் பிடித்தாள். நான் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டேன். 'இப்ப' என்று ஏன் சொன்னாள் என்று யோசிக்கவில்லை. பஸ் வந்தது. என் தலையில் கை வைத்துவிட்டு ஏறினாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாள். என்னைப் பார்த்திருப்பாள். நான் நிமிரவில்லை. மடியில் இருந்ததை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினான்கு.