புருவம் சொன்ன சம்மதம்

வடதுருவ மக்களுக்காகப் பேசும் ஓர் அமைப்பில் இன்டர்ன்ஷிப், வீட்டிலிருந்தே வேலை. பாரூரில் எங்கள் மொட்டைமாடியில் மாம்பூ வாசத்தோடு மாலை மயங்கிக்கொண்டிருக்க, லேப்டாப் திரையில் அவர்கள் ஊர் நீலப் பனியில் விடிந்துகொண்டிருந்தது. எது கனவென்று தெரியவில்லை.

திரையில் கடல்பனி உருகுவதைப் பற்றிப் பேசிய அந்த ஊர் மீனவப் பெண்ணிடம், "இதை அறிக்கையில் சேர்க்கலாமா?" என்று மூன்று முறை கேட்டேன். அவர் பேசவே இல்லை. புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

"அவங்களுக்கு இஷ்டமில்ல போல, உட்டுடு" என்றாள் பக்கத்திலிருந்த அக்கா. அவர் சொன்ன எல்லாவற்றையும் அறிக்கையிலிருந்து நீக்கிவிட்டேன்.

அறிக்கையின் வரைவைப் பார்த்துவிட்டு மறுநாள் அவரே அழைத்தார். "மூன்று முறை சம்மதம் சொன்னேனே!"

அங்கே புருவத்தை உயர்த்தினால் 'ஆமாம்' என்று அர்த்தமாம். கூனிக்குறுகிப் போனேன்.

"இப்போதாவது சேர்ப்பீர்களா?"

தலையை ஆட்டினேன்.

"அது ஆமாமா, இல்லையா?"

என் தலையாட்டலும் அவருக்கு வெறும் மௌனம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. மெல்லப் புருவத்தை உயர்த்தினேன்.