சூட்கேஸில் வந்த மஞ்சள்

கனடாவிலிருந்து பெரியம்மா வந்தால், மறுநாள் காலை வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் ஹோலில் சூட்கேஸ் திறக்கப்படும். முந்தி அதிலிருந்து சொக்லேட்டும் சவர்க்காரமும் வந்தன. இப்போது போத்தல்கள். மஞ்சள் கப்சூல், இஞ்சிக் கப்சூல், மீன் எண்ணெய்க் கப்சூல், என்ன மரத்துப் பிசின் என்றே விளங்காத இன்னொரு கப்சூல். மஞ்சளும் இஞ்சியும் மீனும் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்துச் சந்தையில் கிடக்கின்றன. ஆனால் கடல் தாண்டி, தங்க எழுத்து ஒட்டி வந்த மஞ்சளுக்குத்தான் மூட்டுவலி பயப்படுமாம்.

வாழ்நாள் முழுக்கக் காப்புறுதி விற்ற பெரியம்மா, சூட்கேஸுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு அமர்ந்து வைத்தியம் பார்த்தார். "உனக்கு முழங்கால், இந்தா. உனக்குத் தோள்மூட்டு, இந்தா." மறுக்க முடியாது. மறுத்தால் சுமந்து வந்த கையை அவமதித்ததாகிவிடும்.

அம்மாவுக்கு முழங்காலும் மஞ்சள் போத்தலும் கிடைத்தன.

அம்மாவின் இதயத்தில் செயற்கை வால்வு இருக்கிறது. இரத்தம் கட்டியாகாமலிருக்கத் தினமும் ஒரு குளிசை. அதன் வேலை குறைந்தால் வால்வில் கட்டி விழும். கூடினால் உள்ளே எங்காவது இரத்தம் கசியத் தொடங்கும், நிற்காது. அதனால் மாதாமாதம் சோதனை. நான் ஒரு ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கிறவள். அம்மாவின் இரத்தம் நிரப்பிய குழாயும் என் மெஷினுக்குத்தான் வரும்.

பெரியம்மா திரும்பிப் போன அடுத்த மாதம், இரத்தம் உறைய எடுக்கும் நேரம் எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. முதலில் மெஷினைச் சந்தேகித்தேன். பிறகு இரசாயனத்தை. பிறகு குழாயை. எல்லாம் சரி. மறுபடி ஓட்டினேன், அதே எண். மிச்சம் அம்மா மட்டும்தான்.

உடனே வீட்டுக்குப் போனேன். அம்மா பை தொங்கவிட்ட கையில் கத்தரிக்காய் நிறத்தில் கண்டிப்போயிருந்தது.

"புதுசா என்ன மருந்து குடிக்கிறீங்கள்?"

"ஒண்டும் இல்லையே."

"அந்தப் போத்தல்?"

"அது மருந்தே? அக்கா தந்தது."

"டொக்டரிட்டச் சொன்னீங்களா?"

"அவர் மருந்தைத்தானே கேட்டவர்."

"சரி, வலி குறைஞ்சிருக்கா?"

"அது அப்பிடியேதான் கிடக்கு."

"பிறகேன் குடிக்கிறீங்கள்?"

அம்மா குரலைத் தாழ்த்தினார். "ஞாயிற்றுக்கிழமையில வீடியோ கோலில போத்தலைத் தூக்கிக் காட்டச் சொல்லுறா. மட்டம் குறையாட்டி மனம் நொந்துபோவா."

நம்பிக்கையால் குடித்திருந்தாலாவது வாதாடலாம். என் அம்மா மரியாதைக்காக உயிரைப் பணயம் வைத்திருந்தார்.

அன்றே டொக்டரிடம் கூட்டிப்போனேன். கப்சூலை நிறுத்தி, குளிசையின் அளவை மாற்றினார். முழங்காலுக்கு உடற்பயிற்சியும் வேறு குளிசையும் தந்தார். ஞாயிற்றுக்கிழமை கோலை நானே எடுத்தேன்.

"பிள்ளை, இது இயற்கை. பக்கவிளைவே இல்லை."

"அலரிக் கொட்டையும் இயற்கைதான், பெரியம்மா. திண்டால் சாவு."

"ரெண்டெழுத்துப் படிச்சவுடன எங்கட மஞ்சளிலயே குற்றம் பிடிக்கிறாய்!"

"கறியில போடுற மஞ்சளை நான் ஒண்டும் சொல்லேல்லை. அதின்ர சத்தைப் பிழிஞ்சு கப்சூலில அடைச்சா அதுவும் மருந்துதான். அம்மான்ர குளிசையோட சேர்ந்தா இரத்தம் நிக்காது. அது கிடக்கட்டும், உங்கட முழங்காலுக்கு நீங்கள் எது குடிக்கிறியள்?"

பெரியம்மா பட்டென்று சொன்னார்.

"எனக்கு அது வயித்தை எரிக்கும். டொக்டர் ஊசி போட்டவர்."

வெட்கம் துளியும் இல்லை. போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். "அவள் சின்னப்பிள்ளை, விடு. நீ குடி."

"ஓம் அக்கா," என்றார் அம்மா.

அம்மா கோலை வைத்துவிட்டு ஒரு கப்சூலை எடுத்தார், பல்கனிக்குப் போனார், அதைக் கறிவேப்பிலைச் சாடிக்குள் விரலால் அமுக்கி மண்ணால் மூடினார். "ஓம் எண்டது அவவுக்கு," என்றார். "குடிக்கிறது கறிவேப்பிலை."

அடுத்த மாதக் குழாயை ஒருமுறைதான் ஓட்டினேன். எண் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் படியிறங்குகிறார். போத்தலின் மட்டமும் ஒழுங்காகக் குறைகிறது. அதைப் பார்த்த பெரியம்மா, தங்கச்சி மஞ்சளால்தான் நடக்கிறாள் என்று டொரொன்டோ முழுக்கச் சொல்லித் திரிகிறாராம்.