சென்றாயனின் கால் அங்குலம்

சென்றாயனைப் போலீஸில் சேர்ப்பதற்கு நான் பட்ட பாடு இருக்கிறதே, என் மாடுகளுக்குப் பேச வாய் இருந்தால் ஊர் ஊராகச் சொல்லி அழும். அவன் என் பெண்டாட்டி அத்தாயியின் தம்பி. அவள் கண்ணுக்கு ராசகுமாரன். என் கண்ணுக்கு, யார் எதைச் சொன்னாலும் அந்த நிமிஷமே நம்பிவிடுகிற வெள்ளந்திப் பயல். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவனுக்குக் கொஞ்சம் மேட்டாங்காடும் ஒரு கிணற்றில் பங்கும் உண்டு. கிணற்றில் தண்ணீர் எப்போதாவது உண்டு.

அவனுடைய தாய்மாமன் கருப்பண்ணன், ராசிபுரத்துக்குச் சற்று முன்னால் ரோட்டோரத்து ஊரில் நெய் வியாபாரம் பார்த்தார். அவர் மகள் சௌந்திரம். பிறந்த அன்றைக்கே சென்றாயனுக்கு என்று பேசி வைத்த பெண். வியாபாரம் பெருத்ததும் மனுஷனுக்குப் பேச்சு மாறிவிட்டது.

“சர்க்கார் உத்தியோகம் இருந்தாப் பொண்ணு. ஆடி முடியறதுக்குள்ள உத்தியோகத்தோட வந்தான்னா எம் மருமவன். இல்லீன்னா சேலத்துல ஒரு கோர்ட்டு குமாஸ்தா ஊட்ல கேட்டிருக்காங்க, அங்க குடுத்துருவேன்” என்று எங்கள் வாசலில் நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போனார். உட்காரக்கூட இல்லை. அத்தாயி அன்றைக்குச் சோறு தின்னவில்லை. எனக்கும் போடவில்லை.

யுத்தம் வருவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி அது. சேலத்தில் போலீஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சேதி வந்தது. ஓட்டம், மார்பளவு, எழுத்து, உயரம், எல்லாவற்றிலும் பரீட்சை உண்டாம். சென்றாயன் அன்று மாலையே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டான். எங்கள் ஊரில் காரணமில்லாமல் ஓடுகிறவனை யாரும் பார்த்ததில்லை. முதல் நாள் நாலு பேர் தடியோடு அவனை முந்திக்கொண்டு ஓடி, “எங்கடா பாம்பு?” என்று கேட்டார்கள்.

மார்பளவுக்குக் கவலை இல்லை. கிணற்றில் கவலை இறைத்தே விரிந்த மார்பு அது. எழுத்துதான் இழுத்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவன். நான் ஐந்தாவது வரை படித்தவன் என்பதால் பரீட்சை அதிகாரி வேலை என் தலையில் விழுந்தது. ‘திருடன் வீட்டுக்குள் புகுந்து ஓடினான்’ என்று சொன்னேன். அவன் சிலேட்டில் எழுதிக் காட்டினான்: ‘திருடருங்க ஊட்டுக்குள்ள பூந்து ஓடிட்டாருங்க.’

“அடேய், திருடனுக்கு என்னடா மரியாதை?”

“வயசு என்னன்னு நீங்க சொல்லலீங்களே மச்சான். பெரியவரா இருந்தா?”

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் பையன் விடவில்லை. ராவும் பகலும் எழுதி, திருடனிடமிருந்த மரியாதையை ஒருவழியாகப் பிடுங்கிவிட்டான்.

உயரத்தில்தான் வந்தது வினை. ராசிபுரம் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் குழந்தைவேலிடம் அளந்து பார்க்கப் போனோம். சுவரில் கோடு போட்டு நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, “கால் அங்குலம் குறையுதுங்க” என்றார். சென்றாயன் முகம் செத்துப்போனது. அவனைச் சமாதானப்படுத்த அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொன்னார். படுத்து எழுந்ததும் மனிதன் கொஞ்சம் உயரமாக இருப்பான், நிற்க நிற்க முதுகெலும்பு அமுங்கிக் குறையும் என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை அத்தாயி பிடித்துக்கொண்டாள்.

“ஒரு ராத்திரி படுத்தாலே ஒசருமுன்னா, ஒரு வாரம் படுத்தா?”

அன்று முதல் சென்றாயனுக்குப் படுக்கை. உட்காரக் கூடாது, நிற்கக் கூடாது. கம்மங்கூழைப் படுத்தபடியே ஊட்டினாள். பாதி அவன் மூக்கில் போனது. மற்ற காரியங்களைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். அதையும் நான்தான் பார்த்தேன். தினமும் காலையில் அத்தாயி தன் கையைச் சாணாக விரித்து அவனை அளந்தாள். தம்பி மேல் பாசம் கூடக் கூடச் சாணை அவள் சுருக்கிக்கொண்டே போனதை நான் கவனித்தேன். சொன்னால் எனக்குச் சோறு நின்றுவிடும் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

பரீட்சைக்கு முந்தைய நாள் சேலம் புறப்பட்டோம். பஸ்ஸில் போனால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் அமுங்கிப் போகும். ஆகையால் என் வண்டி. வைக்கோல் பரப்பி அவனை நீட்டிப் படுக்க வைத்தோம். அவனுக்குச் சுருண்டு படுக்கிற பழக்கம். அதற்காக அத்தாயி அவன் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டினாள். வெயில் ஏறியதும் வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்துத் தலையோடு காலாகப் போர்த்திவிட்டாள். அவள் விடியக்காலையில் தலைக்குக் குளித்திருந்தாள். ஈரக்கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டினாள்.

இத்தனையும் செய்துவிட்டு, அந்த வண்டி பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. மாட்டுக்குத் தோன்றியிருக்கலாம்.

வழியெல்லாம் ஒரே மரியாதை. எதிரே வந்த வண்டிகள் ஒதுங்கி நின்றன. பெரியவர்கள் தோளில் கிடந்த துண்டை இறக்கினார்கள். நம்ம பையன் போலீஸுக்குப் போகிற சேதி அதற்குள் பரவிவிட்டது போல என்று நான் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

நெய் டின் கட்டின சைக்கிளில் வந்த ஒருவன் இறங்கி, வண்டியோடு நடந்தான். அவன் பெயர் கந்தன், கருப்பண்ணனிடம் வேலை பார்க்கிறவன் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

“யாருங்க இது?”

“சென்றாயன். நெய்க்காரர் கருப்பண்ணனுக்கு அக்கா மவன்.”

“ஐயோ சாமி! எப்படிங்க?”

“எல்லாம் ஒசரத்தால வந்ததுங்க” என்றேன்.

“தென்னை மரமுங்களா, பனை மரமுங்களா?”

ஏதோ உயரத்துக்கு உதாரணம் கேட்கிறான் என்று நினைத்து, “அத்தனை வேண்டாமுங்க, கால் அங்குலந்தான்” என்றேன். அவன் ஒருமாதிரி என்னைப் பார்த்தான்.

“இப்ப எங்க கொண்டுட்டுப் போறீங்க?”

“சேலத்துக்கு. போலீஸ்ல பாக்கோணுமல்லோ. நாளைக்கு வெடியால பெரிய டாக்டரு வந்து பாத்து, அளந்து, சர்டிபிகேட்டு குடுப்பாரு.”

“போலீஸ் கேசுங்களா!” என்று அலறிக்கொண்டு அவன் சைக்கிளில் ஏறிப் பறந்துவிட்டான்.

கருப்பண்ணனின் ஊர் எல்லையை நாங்கள் தொடும்போது ஒரு கூட்டமே ரோட்டை மறித்து நின்றது. பெண்கள் எங்களைப் பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டு ஓலமிட்டார்கள். மாடுகள் மிரண்டு நின்றன. கருப்பண்ணன் தலைப்பாகை அவிழ்ந்து புரள ஓடிவந்து, போர்த்தியிருந்த காலைப் பிடித்துக்கொண்டு கதறினார்.

“எம் மருமவனே! பொண்ணு குடுக்க மாட்டேன்னதுக்கா உசுரை உட்டே? இந்தப் பாவிப்பய வாயில புழு வெக்க! எந்திரிச்சு வா சாமி, இப்பவே கட்டித் தாரேன்!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “ஏனுங்க, இது வந்து...” என்று வாயைத் திறந்தேன். முதுகில் சுருக்கென்று ஒரு கிள்ளு. அத்தாயி.

“சும்மா இருங்க. நம்ம வாசல்ல உக்காராமப் போனாரில்ல? சித்த நேரம் அழுவட்டும்.”

வேட்டிக்குள்ளிருந்து சென்றாயன், “அக்கா, எந்திரிக்கட்டுமா?” என்று கிசுகிசுத்தான்.

“எந்திரிச்சே, கொன்னுபோடுவேன். அழுவறப்பக் குடுத்த வாக்கு கண்ணு காஞ்சா நிக்காது. உத்தியோகந்தான் நிக்கும். அமுங்கிப் போயிருவே, படு!”

அவன் படுத்தான். அத்தனை ஓலத்துக்கு நடுவில் அசையாமல் கிடந்தான்.

அந்த நேரம் “சௌந்திரம் வாரா, வழி உடுங்க” என்று யாரோ சொல்ல, கூட்டம் விலகியது. சௌந்திரம் வந்தாள். அவள் ஓடிவரவும் இல்லை, அழவும் இல்லை. நேராக என் வண்டிச் சக்கரத்தண்டை வந்து நின்று, போர்த்தியிருந்த வேட்டியைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் தூக்கிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையில் ஓங்கி அடித்தாள். கண்ணாடி வளையல்கள் சலசலவென்று நொறுங்கி விழுந்தன. ஓலம் சட்டென்று நின்றுபோனது. கல்யாணம் ஆகாத பெண் ஒருத்தி, ஊர் பார்க்க, புருஷனைப் பறிகொடுத்தவள் செய்கிற காரியத்தைச் செய்துவிட்டாள்.

வேட்டிக்குள் கிடந்தவனுக்கு எதுவும் கண்ணில் படவில்லை. அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. “சௌந்திரம்! ஒடைக்காதே!” என்று கத்திக்கொண்டு துள்ளி எழுந்தான். கட்டைவிரல்கள் கட்டியிருந்ததை மறந்துவிட்டான். வண்டியிலிருந்து தலைகுப்புற ரோட்டில் விழுந்தான்.

பிணம் எழுந்து கத்தினால் ஜனம் என்ன செய்யும்? செருப்பையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஓடியது. கந்தன் சைக்கிளை விட்டுவிட்டு ஓடினான். கருப்பண்ணன் புளியமரத்துக்குப் பின்னால் நின்று முருகனைக் கூப்பிட்டார். நகராதவள் சௌந்திரம் ஒருத்திதான். அவள் குனிந்து, அவன் கால்கட்டை அவிழ்த்துவிட்டாள். அப்புறம் அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அப்புறம்தான் அழுதாள். பெருங்குரலெடுத்து, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். அவனும் அழுதான். என் கண்ணிலும் தூசி விழுந்தது.

நடந்ததைக் கேட்டதும் கருப்பண்ணன் மரத்துக்குப் பின்னாலிருந்து வேறு ஆளாக வந்தார்.

“ஏமாத்துக்கார கூட்டமே! சொன்னது சொன்னதுதான். உத்தியோகம் இல்லாம பொண்ணு கெடையாது!”

“ஏனுங்கப்பா,” என்றாள் சௌந்திரம். அழுகை நிற்காமலே பேசினாள். மணிக்கட்டில் ரத்தம் கசிகிற வெறுங்கைகளை அவர் முன்னால் நீட்டினாள். “இவருக்குன்னு ஊரு பாக்க ஒடைச்சாச்சு. இனி எந்தக் குமாஸ்தா வந்து இந்தக் கையைப் புடிப்பான்? கேட்டுச் சொல்லுங்க.”

கருப்பண்ணன் கூட்டத்தைப் பார்த்தார். திரும்பி வந்திருந்த கூட்டம் அவரைப் பார்த்தது. தலைப்பாகையை எடுத்து உதறித் திரும்பக் கட்டினார். சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்ல அவருக்கு வழி இல்லை.

“மாமா,” என்று அவள் சென்றாயனிடம் திரும்பினாள். “நீங்க போயி அளவு குடுத்துட்டு வாங்க. வேலை கெடைச்சாலும் சரி, கெடைக்காட்டியும் சரி. வாரப்ப எனக்கு வளையல் வாங்கிட்டு வாங்க.”

சேலம் வரைக்கும் அவன் படுக்கவே இல்லை. அத்தாயி கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். வண்டியின் முன்புறத்தில் என்னோடு உட்கார்ந்து, மல்லூர் தாண்டியும் பாடிக்கொண்டே வந்தான். காது கொடுத்துக் கேட்கிற மாதிரி குரல் இல்லை.

மறுநாள் காலை மைதானத்தில் ஓடினான், முதலாவதாக வந்தான். மார்பை விரித்தான், எழுதினான். கடைசியில் அளவுக் கம்பத்தில் நிறுத்தினார்கள். ரோட்டில் விழுந்த வீக்கம் உச்சந்தலையில் கொழுக்கட்டை அளவுக்கு இருந்தது. அளவுக் கட்டையை அதன் மேலேயே இறக்கினார்கள். அத்தாயி வேலிக்கு வெளியே நின்று கும்பிடாத சாமி இல்லை. உட்கார்ந்து வந்ததில் அமுங்கிப் போனானோ என்னவோ, வீக்கத்தையும் சேர்த்து அளந்தும் அதே கால் அங்குலம் குறைந்தது.

“ஆள் போதாது, போ” என்றார் அளந்த போலீஸ்காரர்.

அத்தாயி வாயைப் பொத்திக்கொண்டாள். சென்றாயன் போகவில்லை. அந்த இடத்திலேயே நின்று ஒரு சிரிப்புச் சிரித்தான்.

“ஏனுங்க, இங்க நல்ல வளையல் கடை எந்தப் பக்கமுங்க இருக்குது?”

போலீஸ்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கடைவீதிப் பக்கம் கையை நீட்டிக் காட்டினார்.