பரீட்சைக்கு வைத்த ரேடியோ

நானே கழற்றிவிட்ட ஒயரை நானே கண்டுபிடிக்க முடியாமல், வேலை கேட்டு வந்தவர் முன்னால் வியர்த்து நின்றவன் நான். ரேடியோ ரிப்பேர் தொழிலில் இதைவிடக் கேவலம் யாருக்காவது நேர்ந்திருந்தால் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும்.

நாடு விடுதலை பெறும் மெர்டேக்கா நாளுக்குச் சில மாதங்களே இருந்தன. சுதந்திர அறிவிப்பைச் சொந்த ரேடியோவில் கேட்க மலாக்காவே ஆசைப்பட்டது. பரணில் செத்துக் கிடந்த பெட்டிகளெல்லாம் காஜா பேராங்கில் இருந்த எங்கள் கடைக்கு வந்து குவிந்தன. இருந்த ஒரே மெக்கானிக் நான். இரவு பகலாக உழைத்துக் கண் எரிச்சலோடு கெஞ்சிய பிறகு, இன்னோர் ஆள் எடுக்க முதலாளி காதர் பாய் சம்மதித்தார். பரீட்சை வைப்பது என் பொறுப்பு.

ஓடுகிற ரேடியோவில் ஓர் ஒயரைக் கழற்றிவிட்டு, "கோளாறு எங்க, சொல்லு" என்பேன். முன்னால் வந்தவர் அடுத்தவருக்குச் சொல்லிவிடக் கூடாதே என்று ஆளுக்கு ஆள் வேறு ஒயர். முதுகுக்குப் பின்னால் நின்று கேள்வி வேறு. அன்று வந்த எல்லோரும் தோற்றார்கள். எனக்கு அலுப்பு, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும்.

கடைசியாக முனுசாமி. எஸ்டேட் இன்ஜின் கொட்டகையை விட்டு வந்தவர். தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீடும் வேலையோடு போய்விட்டது. மனைவியும் பிள்ளைகளும் புக்கிட் பாருவில் மச்சான் வீட்டில். மச்சான் சோற்றை எத்தனை நாள் தின்பது என்று வந்ததுமே சொல்லிவிட்டார்.

"இந்த வால்வு எதுக்கு? ஏன் கைய அங்க வைக்கிற? ஏன் நிப்பாட்டிட்ட?"

"தெரியும்ண்ணே... இப்ப வரமாட்டேங்குது." அவர் பிடித்திருந்த பற்றவைக்கும் கோலிலிருந்து ஈயம் உருகி மேசையில் சொட்டியது.

"சரி, போயிட்டு வா."

"எந்த ஒயருன்னு மட்டும் காட்டுங்கண்ணே. தெரிஞ்சிக்கிட்டுப் போறேன்."

குனிந்தேன். அன்று கழற்றியதும் மாட்டியதும் தலைக்குள் ஒன்றாகக் குழம்பியிருந்தன. காதர் பாய் பின்னால் வந்து நின்றார்.

"என்ன மண்டோரே, ஒயரத் தேடுறீங்களா, இல்ல கெணறு தோண்டுறீங்களா?" என்று எனக்கு மேஸ்திரிப் பட்டம் சூட்டிக் கேட்டார்.

பார்த்த ஒயரையே திரும்பவும் இழுத்துப் பார்த்தேன்.

"பாய், நாம வெளிய நிப்போம் வாங்க" என்றார் முனுசாமி. "பின்னால ஆள் நின்னா அண்ணனுக்குக் கை ஓடாது."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை; அதுதான் சுட்டது. இருவரும் வெளியே போனதும் ஒயர் தானாகக் கண்ணில் பட்டது.

முனுசாமியை மறுபடி உள்ளே கூப்பிட்டேன். வாடிக்கையாளர் ஒருவரின் செத்த ரேடியோவை முன்னால் வைத்தேன். "இதுல என்ன கோளாறுன்னு எனக்கே தெரியாது. சாமானெல்லாம் அந்த டிராயர்ல இருக்கு. சந்தேகம்னா கேளுங்க, எதிர் கோப்பிக் கடையிலதான் இருப்போம்."

காதர் பாய் பாலில்லாத கோப்பி ஓ இரண்டாவது தடவை சொல்லிக்கொண்டிருந்தபோது, எங்கள் கடையிலிருந்து மலாய்ப் பாட்டு கேட்டது.

"நாளைக்கே வரச் சொல்லுங்க" என்றார்.

அதற்குப் பிறகு ஒயரைக் கழற்றி ஒளிக்கும் வித்தையை விட்டுவிட்டேன். நிஜமாகவே கெட்ட ரேடியோ, உட்கார ஒரு ஸ்டூல், பின்னால் யாரும் இல்லை. அப்போதும் சிலர் தோற்றார்கள். ஆனால் வேலை தெரியாமல் தோற்றார்கள், பயத்தில் அல்ல. பரீட்சை வைப்பவன் பார்க்க வேண்டியது வேலையைத்தான், வியர்வையை அல்ல. இதை ஏதோ நானே கண்டுபிடித்ததுபோல் காதர் பாயிடம் நெடுநேரம் விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆக, நீங்க வெளிய இருந்தாத்தான் கடையில வேல நடக்குது. இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"