அக்காவிடம் ஓட்டுக் கேட்கப் போனது

கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புக்குத் தேர்தல் வந்துவிட்டது என்பதைக் கொடியை வைத்துச் சொல்ல முடியாது. போன தேர்தல் கொடியே ஏதாவது ஒரு விளக்குக் கம்பத்தில் கிழிந்து தொங்கிக்கொண்டிருக்கும். கடைவரிசையின் கோடியில் பூட்டிக் கிடக்கும் கடையின் இரும்புக் கதவைத் தூக்கி, பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கி, பின்கட்டில் ஒருவர் தண்ணீர் கொதிக்க வைத்தால்தான் தேர்தல் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கடை எங்கள் கட்சியின் நடவடிக்கை அறை. தண்ணீர் கொதிக்க வைப்பவர் அக்கா.

நான் கிளைச் செயலாளர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். கூட்டத்துக்கு வராதவர்களிடம் ஏன் வரவில்லை என்று கேட்பது, வந்தவர்களிடம் ஏன் சண்டை போட்டீர்கள் என்று கேட்பது, இவ்வளவுதான். பிழைப்புக்குப் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை. எனக்குப் பொறுமை கம்மி என்று என் மனைவி சொல்வாள். எங்கள் கிளைக் கூட்டத்தில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டாள்.

அக்காவை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவரைவிட மூத்தவரான கிளைத் தலைவரும் அப்படித்தான். தேநீர், எங்கள் பேச்சில் தே, கலக்குவது மட்டும் அவர் வேலை இல்லை. வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பதில் எங்கள் கிளையில் அவருக்கு ஈடாக ஒருவரும் கிடையாது. வெளிக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, குரைக்கிற நாயிடம் முதலில் பேசுவார். அப்புறம் தொட்டிச் செடியைப் பற்றி விசாரிப்பார். பையனுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்பார். கட்சிப் பேச்சு கடைசியில்தான் வரும். அதையும் போகிறபோக்கில் சொல்லமாட்டார். வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நகராமல் நிற்பார்.

"ஓட்டு கேக்குறது பொண்ணு கேக்குற மாதிரி தம்பி," என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "அவங்க குடுப்பாங்கன்னு நமக்குத் தெரிஞ்சிருந்தாலும், வாசல்ல நின்னு மொறையா கேக்கணும்."

இப்படித் தாமான் முழுக்க ஓட்டுக் கேட்ட அக்காவுக்கு ஓட்டு இல்லை. அவரிடம் இருந்தது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தருகிற அடையாள அட்டை. பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பிறந்ததை யாரும் பதியவில்லை. சிங்கப்பூருக்குக்கூடப் போனதில்லை என்றாலும், காகிதத்தைப் பொறுத்தவரை அவர் இந்த நாட்டில் தங்கியிருக்கிறவர், அவ்வளவுதான். கணவருக்குக் குடிமக்களின் நீல ஐசி, பிள்ளைக்கு நீல ஐசி, மருமகளுக்கு நீல ஐசி. குடியுரிமை இல்லாததால் கட்சியிலும் உறுப்பினராக முடியாது. ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கச் சொல்லும்போது அக்காவின் கைகள் பின்வரிசையில் மடிமேல் கிடக்கும். வாக்களிப்பு நாளில் வயதானவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய், பள்ளிக்கூட வாசல்வரை கைபிடித்து நடத்திவிட்டு, அங்கேயே நின்றுகொள்வார்.

ஒருமுறை ஒரு வீட்டுக்காரர், "ஒனக்கே ஓட்டு இல்ல, நீ என்னா என்கிட்ட வந்து கேக்குற?" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற எனக்குக் கோபம் தலைக்கேறியது. அக்கா, "அதனாலதான் அண்ணே ஒங்கள கேக்குறேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். தெருமுனையில் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னா வெயிலு என்றார். அன்றைக்கு வானம் மூடிக்கிடந்தது.

விண்ணப்பம் போட்டுப் போட்டு மகனே சலித்துப்போன பிறகு ஒருநாள் குடியுரிமைக் கடிதம் வந்தது. நீல ஐசி கைக்கு வந்த அன்று கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு கிளைக் கூட்டத்துக்கு வந்தார். கேசரித் தட்டு ஒரு பக்கம் சுற்றியது, ஐசி இன்னொரு பக்கம் சுற்றியது. ஒவ்வொருவரும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததும் நெய் விரல் பட்டிருக்கும் என்று அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இப்போதெல்லாம் வாக்காளர் பதிவு தானாகவே நடந்துவிடுகிறது. சில மாதங்கள் கழித்து என் கைப்பேசியில் அவர் ஐசி எண்ணைத் தட்டிப் பார்த்தோம். பெயர் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, முதல் அறையில் வாக்களிக்க வேண்டும் என்றும் வந்தது. வயதானவர்களுக்குத்தான் முதல் அறை.

"கெழவிங்க ரூமா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டார்.

அதற்கடுத்து வந்தது சட்டமன்றத் தேர்தல். உள்ளூர் மாடு விலை போகாது என்பதை எங்கள் கட்சி ஒரு விதியாகவே வைத்திருக்கிறது. கோலாலம்பூர் பங்சாரிலிருந்து ஓர் இளம்பெண்ணை வேட்பாளராக அனுப்பினார்கள். வழக்கறிஞர். நல்ல பெண்தான், மரியாதை தெரிந்தவர், ஆனால் அவர் நடைக்கு ஈடுகொடுக்க எங்களில் பாதிப் பேருக்கு முட்டி இல்லை. ஜெயிப்பதற்கு முன்பே தலைவர் அவரைச் சட்டமன்ற உறுப்பினர்களைக் கூப்பிடுகிற மாதிரி 'ஒய்பி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பிறகு அவர் ஜெயிக்கவும் செய்தார் என்பதால் அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

கடையின் கதவைத் தூக்கினோம். நாற்காலிகளை இறக்கினோம். அக்கா வரவில்லை. தேயிலை, பால், சீனி மூன்றும் ஒரே பையில் கலந்து வருகிற தூளை யாரோ வெந்நீரில் கொட்டிக் கொடுத்தார்கள். அதைக் குடித்த பிறகுதான் அக்கா வரவில்லை என்பது பலருக்கு உறைத்தது. மறுநாளும் வராததால் நான் போன் போட்டேன்.

"ஒடம்புக்கு முடியலையா அக்கா?"

"நல்லாத்தான் இருக்கேன் தம்பி."

"அப்புறம் ஏன் இந்தப் பக்கமே காணோம்?"

"வீட்டுல இருக்கேன் லா. யாராச்சும் வந்தா ஆளு இருக்கணும்ல."

கணவர் காலமாகிவிட்டார். மகன் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் மாற்றி மாற்றி ஷிப்ட் பார்க்கிறவர். மருமகளும் வேலைக்குப் போகிறாள். ஊரிலிருந்து உறவுக்காரர் யாராவது வருவார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டேன்.

நடவடிக்கை அறையில் நடவடிக்கை குறைவு, வாய் அதிகம். நீல ஐசி வந்ததும் அக்காவுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்றார் ஒருவர். மகளிர் பிரிவுத் தலைவி பதவிக்கு அடிபோடுகிறார் என்றார் இன்னொருவர். அக்கா கையால் அத்தனை வருடம் தே வாங்கிக் குடித்தவர்கள் இவர்கள். நன்றி என்பது எங்கள் கிளையில் ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தோடு சரி.

எங்கள் வேலைமுறையை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு வாக்காளர் வீட்டுக்கும் ஒரு நிறம் உண்டு. நம் ஓட்டு என்றால் வெள்ளை. எதிர்த்தரப்பு என்றால் கறுப்பு. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறவர்கள் சாம்பல். முன்பெல்லாம் தாளில் பேனாவால் குறிப்போம், இப்போது கைப்பேசியில் இருக்கிறது. வேட்பாளருக்கு நேரம் கொஞ்சம்தான். கறுப்பு வீட்டில் பேசிப் பயனில்லை. வெள்ளை வீட்டில் பேச அவசியமில்லை. ஆகவே சாம்பல் வீடுகளில் மட்டும் நிறுத்துவோம். வெள்ளைக்குக் கையை ஆட்டினால் போதும். அக்கா வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வெள்ளையிலும் வெள்ளை.

அக்கா தெருவுக்கு வேட்பாளர் போனது ஒரு சாயங்காலம். நான் கூட்டத்தின் வாலில் நடந்துகொண்டிருந்தேன். அக்கா தன் வீட்டு வெளிக்கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு வாசலில் நின்றிருந்தார். எப்போதும் பஞ்சாபி சூட்டில் பார்த்த அக்கா அன்று கரை போட்ட சேலை கட்டியிருந்தார். தரை கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை. கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலிகள் போட்டு, ஒரு மேசையில் தட்டு வைத்து மூடியிருந்தார்.

வேட்பாளர் தூரத்திலிருந்தே கையை ஆட்டி, "ஹாய் ஆன்டி, சப்போர்ட்டுக்கு ரொம்ப தேங்க்ஸ்," என்றார். அக்கா கும்பிடுவதற்காக இரண்டு கைகளையும் தூக்கினார். அதற்குள் கூட்டம் அவரைக் கடந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீடு சாம்பல். தலைவர் மட்டும் திரும்பிப் பார்த்து, "அக்கா, நாளைக்காச்சும் வந்துருங்க, இவங்க போடுற தேத்தண்ணிய குடிக்க முடியல," என்றார்.

தூக்கிய கைகள் ஒரு கணம் அப்படியே நின்றன. பிறகு சேலையைச் சரிசெய்கிற மாதிரி தோளுக்குப் போயின. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது, இத்தனை நாளும் யார் வருவார்கள் என்று அவர் வீட்டில் இருந்தார் என்பது.

தெருமுனையில் வேட்பாளரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த ஆன்டி நம்ம ஆளுதானே அண்ணா?" என்றார்.

"நம்ம ஆளுதான். ஆனா அவங்களுக்கு இதான் மொத ஓட்டு. நாம யாரும் அவங்களக் கேக்கவே இல்ல."

அந்தப் பெண்ணின் முகம் வாடியது உண்மை. திரும்பிப் போகலாமா என்றுகூடக் கேட்டார். ஆனால் செராமா மேடைப் பேச்சுக்குக் கூட்டம் காத்திருக்கிறது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டினார். காரில் ஏறிக்கொண்டே அக்காவின் எண்ணை வாங்கி, அழகான தமிழில் ஒரு குரல் பதிவு அனுப்பினார். எதிர்வீட்டில் இருக்கிற சம்பந்திக்கு வாட்ஸ்அப்பில் தாம்பூலம் அனுப்பியது போல இருந்தது எனக்கு.

மறுநாள் இன்னொரு செய்தி வந்தது. எதிர்த்தரப்பு வேட்பாளர் அக்கா வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். அவர்களுக்கு அக்கா புது வாக்காளர், அவ்வளவுதான். முறையாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள். எங்கள் அறை ஆடிப்போய்விட்டது. அப்பவே சொன்னோமே என்றார்கள் சிலர். தலைவர் உடனே பழக்கூடை வாங்கி அனுப்பலாம் என்றார்.

"பழம் வேண்டாம் தலைவரே," என்றேன். "கல்யாண வீட்டுல பந்தி பரிமாறுன அம்மாவுக்கு யாரும் எலை போடல. அதுக்குப் போயி பழம் குடுப்பீங்களா?"

குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. தலைவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் அந்த ஓய்வு தேவையாகத்தான் இருந்தது.

வேட்பாளரை எப்படியாவது திரும்ப அழைத்து வந்துவிடலாம் என்று முயன்றேன். ஒவ்வொரு நாளும் ஒன்று தள்ளிப்போனது. பிரசாரத்தின் கடைசி நாள் சாயங்காலம், இனி அவர் வரப்போவதில்லை என்று தெரிந்ததும் நானே கிளம்பினேன். கல்யாணத்துக்குப் போடுகிற பாத்தேக் சட்டையைப் போட்டுக்கொண்டேன். கையில் ஒரு துண்டறிக்கை.

"அக்கா வீட்டுக்கா இப்படிப் போறீங்க?" என்றாள் மனைவி.

"ஓட்டு கேக்கப் போறேன்," என்றேன். அவள் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

காரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்தேன். அன்று அக்கா வீட்டு வெளிக்கதவு சாத்தியிருந்தது. மற்ற நாட்களில் நானே கொக்கியை நீக்கிவிட்டுச் சமையல்கட்டு வரைக்கும் போகிறவன். அன்று தெருவிலேயே நின்றேன்.

"வீட்டுல யாருங்க?"

உள்கதவுக் கம்பிக்குப் பின்னால் அக்கா வந்தார். என்னை நன்றாகத் தெரிந்தது அவருக்கு.

"யாரு?" என்றார்.

"வணக்கம்மா. கட்சியிலேர்ந்து வரேன். நாளைக்குத் தேர்தல்."

மெதுவாக வெளியே வந்து வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார். திறக்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

"சொல்லுங்க," என்றார். என்னை ஒருநாளும் அவர் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

துண்டறிக்கையில் இருந்ததையெல்லாம் சொன்னேன். தமிழ்ப்பள்ளி மண்டபம், பேருந்துத் தடம், தெருவிளக்கு என்று என் வாயில் வந்ததெல்லாம் யாரோ எழுதிக்கொடுத்தது மாதிரியே இருந்தது. எழுதிக்கொடுத்ததுதான். அக்கா குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார்.

"ஜெயிச்சா இந்தப் பக்கம் வருவாங்களா?"

வருவார் என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. "வரலேன்னா நான் கூட்டிட்டு வரேன்."

"பின்னால கால்வாய் அடைச்சுக் கெடக்கு. மழ பேஞ்சா அடுப்படிக்குத் தண்ணி வருது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

கையிலிருந்த துண்டறிக்கையை மடித்தேன். அக்கா விடவில்லை.

"செவப்பு ஐசி வெச்சிக்கிட்டு இந்தத் தாமான்ல இன்னும் ஆளுங்க இருக்காங்க. அவங்களுக்கு ஓட்டு இல்ல. ஓட்டு இல்லாத வீட்டுக்கு ஒங்க ஆளு வருவாங்களா, மாட்டாங்களா?"

"வரணும். நான் சொல்றேன்."

"மத்த கட்சிக்காரங்க வந்தாங்க. உக்காந்தாங்க. வெச்சதச் சாப்ட்டாங்க. கேட்டாங்க."

"தெரியும் அக்கா," என்றேன். அக்கா என்று வந்துவிட்டது.

அவர் காத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான், எல்லாவற்றையும் பேசிவிட்டு, கேட்க வந்ததை மட்டும் நான் இன்னும் கேட்கவில்லை என்பது உறைத்தது. இத்தனை தேர்தல்களில் அவர் பக்கத்தில் நின்றிருக்கிறேன், கேட்டதெல்லாம் அவர்தான், நான் துண்டறிக்கை நீட்டியதோடு சரி. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நாளைக்கு ஒங்க ஓட்ட எங்களுக்குப் போடணும்மா. அதக் கேக்கத்தான் வந்தேன்."

அக்கா கதவுக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண்ணீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"இன்னொரு தடவ கேளு தம்பி," என்றார்.

கேட்டேன்.