ஒரு ஆணி மட்டும் சுட்டது

யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்பு மான்சா சுவரில் இருக்கிற ஆணியைத் தொட்டுப் பார்ப்பாள். காலண்டர் மாட்டிய ஆணி, கண்ணாடி மாட்டிய ஆணி, ஒன்றும் மாட்டாமல் துருப்பிடித்து நிற்கிற ஆணி, எதுவானாலும் சரி. விரல் முட்டியால் லேசாக ஒரு தொடல். பிறகுதான் நாற்காலி. கானா நாட்டுக் கடலோர ஊரான செகொண்டியில் அவளைத் தெரிந்தவர்கள் இதற்கு இப்போது சிரிப்பதில்லை. அவள் வேலை பார்க்கும் தீயணைப்பு நிலையத்துக்குப் புதிதாக வருகிறவர்கள்தான், "என்னக்கா, ஆணிக்குக் காய்ச்சலா? மாத்திரை குடுத்தாச்சா?" என்று கேட்பார்கள். மான்சா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

முப்பது வருடங்களுக்கு முன்னால், ஒரு ஜனவரி வெள்ளிக்கிழமை மத்தியானம் தொற்றிக்கொண்ட பழக்கம் அது. வடக்கேயிருந்து வரும் ஹார்மட்டான் தூசி ஊரை மூடியிருந்தது. கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. சூரியனைக் கண் கூசாமல் நேராகப் பார்க்க முடிந்தது. நிலா பகலில் வேலைக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது. அந்த மங்கலுக்குள் ரயில்வே குடியிருப்பில் ஒரு மர வீட்டின் சமையற்கட்டு எரிந்தது.

பென்சிவாவின் வீடு. அவளுடைய அப்பா அமிசா முப்பது வருடம் ரயில் ஓட்டியவர். இறந்து, அந்த ஊர் வழக்கப்படி இரண்டு மாதமாக ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் இருந்தார். மறுநாள் விடியற்காலை அவரைக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்துவார்கள். ஊர் வந்து பார்க்கும். பிறகு அடக்கம். அதற்கு வரும் சனத்துக்கு மீன் பொரிக்கும்போதுதான் எண்ணெய் பற்றிக்கொண்டது.

நெருப்பை அணைக்கத் தீயணைப்பு ஆட்களுக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. நெருப்பு அணைந்த பிறகுதான் அவர்கள் வேலையில் மறுபாதி ஆரம்பிக்கும். அடித்த தண்ணீரிலிருந்து வீட்டுச் சாமானைக் காப்பாற்றவேண்டும். எங்காவது நெருப்பு ஒளிந்திருக்கிறதா என்று தேடவேண்டும். ஆபீசர் அங்கோமா, மான்சாவையும் அவளோடு வேலை பார்த்த ஜோஜோவையும் தார்ப்பாயோடு முன்னறைக்கு அனுப்பினார்.

கதவைத் திறந்த ஜோஜோ அப்படியே நின்றுவிட்டு, குனிந்து பூட்ஸைக் கழற்றினான். நான்கு சுவரும் கூரையும் வெள்ளை. சாட்டின் துணி, அதன்மேல் லேஸ், மடிப்பு மடிப்பாகச் சுருக்கி வரிசை வரிசையாக ஆணி அடித்திருந்தார்கள். நடுவில், அமிசாவைக் கிடத்த ஒரு பித்தளைக் கட்டில். ஜன்னல் வழியாக வந்த தூசி வெளிச்சம் எல்லாவற்றின்மேலும் படிந்திருந்தது. முட்டைக்குள் நுழைந்துவிட்டதுபோல மான்சாவுக்கு இருந்தது. ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இருவரும் கட்டிலைத் தார்ப்பாயால் மூடினார்கள். சாக்கைச் சுருட்டி அணைபோலப் போட்டுத் தண்ணீரை முற்றத்துப் பக்கம் திருப்பினார்கள். அப்போது அங்கோமா கோடாரியோடு வந்தார். பென்சிவா அவருக்கு முன்னால் ஓடிவந்து சுவரை மறைத்து நின்றாள்.

"அம்மா, சமையக்கட்டும் இந்த ரூமும் ஒரே சுவரு. நடுவுல பொந்து. உள்ள நெருப்பு இருக்கான்னு தெறந்து பாக்கணும்."

"தெறப்பீங்க, தெறப்பீங்க. அப்படியே எனக்கும் சேத்து ஒரு கட்டில் போட்டுட்டுப் போங்க! பதினோரு நாளாச்சு இதக் கட்ட. அலங்காரம் பண்ணவ ஊருக்குப் போயிட்டா. எங்கப்பா ரெண்டு மாசமா குளிர்ல கெடக்காரு. நாளைக்கு வீட்டுக்கு வராரு. அவரு சனமெல்லாம் வந்து கிழிஞ்ச சுவரையா பாக்கணும்?"

அங்கோமா போன வருடம்தான் தன் அம்மாவை இப்படியொரு அறையில் கிடத்தியவர். கோடாரியைக் கீழே வைத்துவிட்டு, லேஸின்மேல் உள்ளங்கையை வைத்தார். அங்கே, இங்கே, இன்னும் ஓரிடம்.

"ஜில்லுன்னு இருக்கு. கெளம்பலாம்."

அவர் தொட்டது துணியை. சுவரை அல்ல. சாவு வீட்டு அறையின் அருமை தெரிந்தவர்தான் அப்படி அழுத்தாமல் தொடுவார்.

மான்சா சாக்கை எடுக்கக் குனிந்தாள். நிமிரும்போது விரல் முட்டி, பலகையைத் துளைத்து உள்ளே போயிருந்த ஓர் ஆணியின் தலையில் உரசியது. சுரீரென்றது. பக்கத்து ஆணியைத் தொட்டாள். குளிர்ச்சி. அதற்கு அடுத்தது, குளிர்ச்சி. மறுபடி முதல் ஆணி. சுட்டது. சொல்லவேண்டும். அங்கோமா வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"ஆபீசர்... ஆணி."

"என்ன ஆணி?"

"சுடுது."

ஜோஜோ, "பேசாத பொண்ணு பேசுனா இப்படித்தான்!" என்று சிரித்தான். அங்கோமா திரும்பி வந்து தொட்டார். கையை வெடுக்கென்று எடுத்தார். அவர் முகத்தைப் பார்த்த பென்சிவா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மான்சா அவள் பக்கத்தில் குத்தவைத்தாள்.

"கிழிக்க வேணாம்க்கா. ஒண்ணொண்ணா கழட்டித் தரேன். நீங்க கையில வாங்கிக்குங்க."

ஆணிகளைப் பிடுங்கித் தன் தலைக்கவசத்துக்குள் போட்டுக்கொண்டே போனாள். லேஸ் மடிப்பு மடிப்பாகப் பென்சிவாவின் கைகளில் இறங்கியது. தூங்குகிற குழந்தையை வாங்குவதுபோல அவள் வாங்கினாள். துணி விலகிய இடத்தில், பலகையின் நடுவே தட்டளவு பழுப்பு.

அங்கோமா உளியால் அந்த இடத்தைத் திறந்தார். நூல்போலப் புகை வந்தது. உள்ளே கட்டையைப் பற்றிக்கொண்டு சிவப்புப் பொட்டுகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. அவசரமே இல்லாமல், கூரையை நோக்கி.

"குழாய் வேணாம், அறையே நனைஞ்சிரும். டீக் கெண்டி இருக்காம்மா?"

பென்சிவாவின் கெண்டியால் ஊற்றினார்கள். மூக்கிலிருந்து தண்ணீர் மெல்லிசாக இறங்கியது, உள்ளே உஸ்ஸென்றது. கருகாத மரம் தெரியும்வரை பலகையை வெட்டினார்கள். ஒன்றரை அடி ஓட்டை. அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, மறுபடி தொட்டுப் பார்த்தார்கள். எல்லாம் குளிர்ந்திருந்தது.

பிறகு மான்சா ஆணிகளைப் பழைய துளைகளிலேயே அடித்தாள். ஓட்டையின்மேல் ஆணி நிற்க மரம் இல்லை. லேஸ் அங்கே தளர்வாகத் தொங்கியது. "பரவால்ல, பொண்ணே," என்றாள் பென்சிவா.

மறுநாள் காலை மான்சா கறுப்புத் துணி உடுத்திக்கொண்டு போனாள். அமிசா பித்தளைக் கட்டிலில் ரயில்வே தொப்பியோடு கிடந்தார். சமையற்கட்டின் கூரை எரிந்துபோயிருந்ததால் காற்று பொந்து வழியாக நுழைந்தது. கட்டிலுக்குப் பின்னால் லேஸ் மெல்ல உப்பியது, அடங்கியது, மறுபடி உப்பியது. அறை மூச்சுவிடுவதை எல்லோரும் பார்த்தார்கள். அவரோடு ரயில் எஞ்சினில் கரி அள்ளிப்போட்ட கிழவர் ஒருவர் குனிந்து, "ஏம்ப்பா, பாய்லர் இன்னும் அணையலியா?" என்றார். அறை முழுக்க அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பென்சிவா கூட்டத்துக்கு மேலாக மான்சாவைத் தேடிப் பார்த்தாள்.

அங்கோமா ஓய்வு பெற்றுவிட்டார். மான்சாவுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. சுவரில் துணி தொங்கினால் துணியைத் தொடாதே, ஆணியைத் தொடு என்பது இப்போது அந்த நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். பென்சிவா அதே வீட்டில்தான் இருக்கிறாள். ஓட்டையை வேறு நிறப் பலகையால் அடைத்து, அதன்மேல் காலண்டர் மாட்டியிருக்கிறாள்.